ஞாயிற்றுக்கிழமை தடையுத்தரவு

புதிதாக நடுவர் சட்டை வாங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு முதலில் ஒரு பாராட்டு. போன வாரம் பயிற்சி வகுப்பில் நீங்கள் விதிகளை ஒப்பித்த வேகத்தில் எனக்கே பயம் வந்துவிட்டது. ஆஃப்சைடு விதியை மூச்சு விடாமல் சொன்ன தம்பி, மைதானத்தில் ஓடும்போதும் அந்த மூச்சைக் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் மத்தியானம் ஒரு பாடம் வந்ததே, தேசியக் கால்பந்து அமைப்பின் வரலாறு என்று, அப்போது உங்கள் முகங்களைப் பார்த்தேன். பாதிப் பேர் கொட்டாவி. மீதிப் பேர் மேசைக்கடியில் கைபேசி. ஒரு பெண் மட்டும் தைரியமாக எழுந்து, "டீச்சர், மேல யாரு தலைவரா இருந்தா நமக்கு என்ன? நாம விசில் ஊதுறவங்கதானே?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஏனென்றால் அதே கேள்வியை நானும் நெடுங்காலம் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தவள்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீல் வந்து அந்தக் கேள்வியை எனக்குத் திருப்பிப் போடும்வரை.

அந்தக் கதையைச் சொல்கிறேன். கைபேசியை எடுத்தால் மஞ்சள் அட்டைதான்.

வரலாறு எனக்கும் அதிகம் தெரியாது. தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். சுதந்திரத்துக்கு முன்பே ஆளுக்கொரு மூலையில் பந்து விளையாடிக்கொண்டிருந்த மாகாணச் சங்கங்கள் கூடி ஒரு தேசிய அமைப்பை உண்டாக்கின. சுதந்திரம் வந்த பின் அது உலக அமைப்பில் சேர்ந்தது. உலக அமைப்புக்குக் கீழே தேசிய அமைப்பு, அதற்குக் கீழே மாநிலம், அதற்குக் கீழே மாவட்டம், எல்லாவற்றுக்கும் கீழே வெயிலில் நீங்களும் நானும். படிக்கட்டு மாதிரி. இடையில் ஒரு சமயம் தேசிய அமைப்பில் தேர்தல் நடத்தாமல் இழுத்தடித்தார்கள். வழக்கு டெல்லிக்குப் போயிற்று. அமைப்பை நடத்த நீதிமன்றமே ஒரு குழுவைப் போட்டது. உலக அமைப்புக்குக் கோபம். வெளியாள் தலையிடக் கூடாது என்று நம் தேசிய அமைப்பையே தள்ளி வைத்துவிட்டார்கள். சில நாட்கள்தான். பிறகு எல்லாம் சரியாகிவிட்டது.

அந்தச் சில நாட்களுக்குள்தான் எங்கள் இறுதி ஆட்டம் வந்து மாட்டிக்கொண்டது.

சுதந்திர தினக் கோப்பைக்கான பெண்கள் போட்டி அது. ஸ்ரீவில்லிபுத்தூர் அணிக்கும் ராஜபாளையம் அணிக்கும் இறுதி ஆட்டம். மைதானம் ஸ்ரீவில்லிபுத்தூரில். நடுவர் நான். நான் ராஜபாளையத்துக்காரி, அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இந்த ஒன்றை வைத்தே ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் ஆட்டம் தொடங்கும் முன்பே என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். ராஜபாளையத்துக்காரர்களோ, நம்ம டீச்சர் என்பதாலேயே நமக்கு எதிராக ஊதுவாள், நேர்மையைக் காட்டிக்கொள்வாள் என்று பேசிக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் திட்டு வாங்கினால் நடுவில் சரியாக நிற்கிறோம் என்று அர்த்தம். பழகிக்கொள்ளுங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். மாவட்டத்துக்கே பெரிய கோர்ட்டு அங்கேதான். அதனால் அந்த ஊரில் டீ குடிக்க வருகிறவரும் ஒரு பாயிண்டோடுதான் வருவார். அவர்கள் பெண்கள் அணிக்கு மேலாளராக இருந்தவரே ஒரு வக்கீல். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா, எதைச் சொன்னாலும் வலது கை முன்னால் வந்துவிடும். நல்ல மனிதர். பந்து வாங்குவதிலிருந்து பிள்ளைகளுக்கு வாழைப்பழம் வாங்குவது வரை கைக்காசு போட்டுச் செய்வார். ஒரே ஒரு குறை, தோற்கும் வழக்கை ஒப்புக்கொள்ளவே மாட்டார்.

அவருடைய மகள் கோதைதான் அந்த அணியின் தலைவி. பின்வரிசையில் நடுவில் நின்று ஆடுவாள். நெட்டையாக, நிதானமாக, பந்து எங்கே வரும் என்று பந்துக்கே தெரியும் முன் அங்கே நிற்கிற பெண். அடுத்த வாரம் பக்கத்து மாவட்டத்தோடு ஒரு ஆட்டம் இருந்தது. மாநில முகாமுக்கு ஆள் எடுக்கிறவர்கள் அதைப் பார்க்க வருவதாகப் பேச்சு. கோதை பெயர்தான் எல்லோர் வாயிலும்.

இறுதி ஆட்டத்தன்று மேற்கே அய்யனார் கோவில் மலைப்பக்கம் மேகம் இறங்கியிருந்தது. மழை வராமல் காற்று மட்டும் வந்து கோட்டுச் சுண்ணாம்பைக் கிளப்பிக்கொண்டிருந்தது. ராஜபாளையத்திலிருந்து மில் வேன்களில் கூட்டம் வந்து இறங்கியது. முதல் பாதியில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஒரு கோல். இடைவேளைக்குப் பின் ராஜபாளையம் ஒரு கோல். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் பாக்கி.

ராஜபாளையம் அணித் தலைவி ஜெசிந்தா. தளவாய்புரத்துப் பெண், தையல் கம்பெனியில் வேலை. கால் அவளுக்குத் தையல் ஊசி மாதிரி. இரண்டு பேரை ஊடுருவி வந்து, முன்னால் ஓடி வந்த கோல்கீப்பரையும் தாண்டிப் பந்தை உதைத்தாள். காவல் இல்லாத கோல். பந்து உள்ளே போகிறது. அப்போது எங்கிருந்தோ கோதை பாய்ந்து வந்து கோட்டின் மேல் விழுந்தாள். பந்து வெளியே தெறித்தது.

தலையில் படவில்லை. கையில் பட்டது. விரித்து நீட்டிய கை. நான் பக்கத்திலேயே நின்றேன். சந்தேகப்பட ஒன்றுமில்லை.

விசில் ஊதினேன். பெனால்டி. கோதைக்குச் சிவப்பு அட்டை.

அட்டையைத் தூக்கின கை இறங்கும் முன்பே வக்கீல் எல்லைக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். கத்தவில்லை. அதுதான் ஆபத்து. கத்துகிறவர்களுக்கு மூச்சு வாங்கும், அடங்கிவிடுவார்கள். இவர் கோர்ட்டில் நிற்பதுபோல நின்றார்.

"டீச்சர், ஒரு சட்டப் பிரச்சினை இருக்கு."

"அய்யா, வெளிய போங்க. ஆட்டம் முடியட்டும், பேசுவோம்."

"ஆட்டமே இல்லைங்கிறதுதான் என் பாயிண்ட். தேசிய அமைப்பை உலக அமைப்பு தள்ளி வச்சிருக்கா இல்லையா? பேப்பர்ல வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு."

"மாநிலத்துக்கு அதிகாரம் எங்கேருந்து வருது? தேசிய அமைப்புலேருந்து. மாவட்டத்துக்கு? மாநிலத்துலேருந்து. ஒங்களுக்கு? மாவட்டத்துலேருந்து. வேரே இல்லேன்னா கிளை எங்கிட்டிருந்து வரும்? இந்தச் சிவப்பு அட்டை யாரு பேரால காட்டுறீங்க?"

கயிற்றுக்கு அப்பால் கூட்டத்தில் சிரிப்பு. யாரோ விசில் அடித்தார்கள், என்னுடையதைவிட நன்றாகவே. "சரியான கேள்வி, பதில் சொல்லுங்க டீச்சர்!" என்றது ஒரு குரல்.

அவருக்கும் ஒரு சிவப்பு அட்டையைக் காட்டியிருக்கலாமே என்று விதிப் புத்தகக்காரர்கள் நினைப்பீர்கள். விதியில் இடம் இருக்கிறது. ஆனால் அட்டையே செல்லாது என்று வாதாடுகிறவரிடம் இன்னொரு அட்டையை நீட்டி என்ன சாதிப்பது? அந்தத் தள்ளிவைப்பு வெளிநாட்டு ஆட்டங்களுக்குத்தான், உள்ளூர் ஆட்டத்தைத் தடுக்காது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லியிருந்தால் எந்த விதி, எந்த உட்பிரிவு என்று கேட்டிருப்பார். அதனால் நான் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தேன். அதாவது, புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டு செய்தேன்.

"அப்படின்னா மொதப் பாதியில ஒங்க பிள்ளைக போட்ட கோலுக்கும் நான்தானே ஊதுனேன்? அதுவும் செல்லாதா அய்யா?"

ராஜபாளையம் பக்கம் பலத்த கைதட்டல். ஆளை மடக்கிவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குளுமை.

வக்கீல் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "செல்லாது! சட்டம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான். எங்க கோலும் செல்லாது, அவிய கோலும் செல்லாது. ஆட்டமே செல்லாது. இன்னொரு நாளு மொதல்லேருந்து ஆடுவோம்."

இப்போது கைதட்டல் அந்தப் பக்கத்திலிருந்து. பாருங்கள், நான் போட்ட பந்தை அவர் என் கோலுக்குள்ளேயே அடித்துவிட்டார். அதோடு நிற்கவில்லை. மில் வேனில் வந்தவர்களுக்கு அதைக் கேட்டதும் ரத்தம் கொதித்தது.

"செல்லாத ஆட்டத்துக்கு எங்களை எதுக்குவே வரச் சொன்னீங்க?" என்று ஒருவர் கயிற்றைத் தாண்டினார். அவர் பின்னால் நாலைந்து பேர். இந்தப் பக்கத்திலிருந்தும் இறங்கினார்கள். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று காற்றில் எழும்பி யாருக்கும் படாமல் விழுந்தது. ஜெசிந்தா பெனால்டி இடத்தில் பந்தை அணைத்துக்கொண்டு நின்றபடி, "ஏட்டி, யாரும் கிட்ட வராதிங்க, சண்டைக்குப் போகாதிங்க" என்று தன் பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்தாள்.

காவலுக்கு வந்த சப்-இன்ஸ்பெக்டர் ஓடி வந்தார். அவரோடு சில காவலர்கள்தான். "டீச்சர், ஆட்டத்தை நிறுத்திருங்க. கூட்டம் கைகலந்துச்சுன்னா என்கிட்ட ஆள் இல்லை."

"நிறுத்துனா கலைஞ்சு போயிருவாங்களா சார்?"

அவர் கூட்டத்தைப் பார்த்தார். வேன்கள் வெளியேற ஒரே ஒரு சந்துதான். அந்தச் சந்தில் உள்ளூர்க்காரர்கள் நிறைந்து நின்றார்கள்.

ஆட்டத்தை நிறுத்தினால் அந்தச் சந்தில்தான் சண்டை நடக்கும். வேனுக்குள் விளையாட வந்த பெண்பிள்ளைகள் இருப்பார்கள். இது எனக்கு உறைத்த பிறகுதான் வாயை மூடினேன். விவாதத்தில் ஜெயிக்கும் ஆசை போன பிறகுதான் கண் தெரிந்தது.

"செத்த நேரம் பொறுங்க சார். எல்லாரும் தண்ணி குடிச்சிட்டு வரட்டும்" என்றேன். இரண்டு அணிகளையும் அவரவர் ஓரத்துக்கு அனுப்பினேன். விளையாடுகிறவர்கள் நிதானமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால் பார்க்க வந்தவர்கள் கையை ஓங்கிக்கொண்டே நிற்பது சிரமம். கயிற்றைத் தாண்டியவர்கள் அங்கங்கே தயங்கினார்கள்.

கோதை மட்டும் தண்ணீருக்குப் போகவில்லை. கோல் கம்பத்தில் சாய்ந்து, முழங்காலில் முகத்தை வைத்து உட்கார்ந்திருந்தாள். சிவப்பு அட்டை என்றால் அடுத்த ஆட்டம் கிடையாது. அடுத்த ஆட்டம் இல்லையென்றால் முகாம் கிடையாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்போதுதான் வக்கீலைச் சரியாகப் பார்த்தேன். சுற்றி நின்றவர்களிடம் உலக அமைப்பு, தேசிய அமைப்பு என்று இன்னும் பேசிக்கொண்டிருந்தார். கை முன்னால் வந்து வந்து போயிற்று. ஆனால் ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும் கண் கோல் கம்பத்துக்கு ஓடியது. அந்த மனிதர் டெல்லியைப் பற்றிப் பேசவே இல்லை. மகள் அழுவதைப் பார்க்க முடியாமல் பேசிக்கொண்டிருந்தார். நான் அவருடைய சட்டத்துக்குப் பதில் சொல்லப் போய், அவரை ஊர் முன்னால் ஒரு மூலையில் நிறுத்திவிட்டேன். மூலையில் நிற்கிற வக்கீல் எப்படிப் பின்வாங்குவார்? அவரிடம் வழக்குக் கொடுத்திருந்த கட்சிக்காரர்களே பாதிப் பேர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

விசிலைப் பாக்கெட்டில் போட்டேன். அவரைக் கூப்பிடவில்லை, நானே அவரிடம் நடந்து போனேன். இதைக் கவனியுங்கள். நடுவர் கூப்பிட்டு ஒருவர் வந்தால் அது விசாரணை. நடுவரே போனால் அது பேச்சு. கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினேன்.

"அய்யா, ஒங்க வாதத்தை நான் மறுக்கலை. எனக்கு அம்புட்டுச் சட்டம் தெரியாது. ஒரே ஒரு சந்தேகம், நீங்கதான் சொல்லணும்."

வக்கீலிடம் சந்தேகம் கேட்டால் போதும், முகம் தெளிந்துவிடும். "கேளுங்க" என்றார்.

"கீழ்க்கோர்ட்டு ஒரு உத்தரவு போடுது. அது தப்புன்னே வச்சுக்குவோம். மேல போயித் தடை வாங்குற வரைக்கும் அந்த உத்தரவு நிக்குமா, நிக்காதா?"

அவர் என்னைப் பார்த்தார். பொய் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. தொழில் தர்மம். "நிக்கும்" என்றார் மெதுவாக.

"என் உத்தரவு தப்பாவே இருக்கட்டும். நீங்க போயித் தடை வாங்கிட்டு வாங்க. கோர்ட்டு பக்கத்துலதானே இருக்கு? நாங்க எல்லாரும் காத்திருக்கோம்."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைல்ல டீச்சர்!"

சொல்லி முடித்ததும் அவருக்கே அது கேட்டுவிட்டது. உதடு ஓரத்தில் முதலில் ஒரு துடிப்பு. பிறகு தோள் குலுங்கியது. நான் சிரிக்கவில்லை, ரொம்பக் கஷ்டப்பட்டு. அந்த நேரத்தில் நான் சிரித்திருந்தால் எல்லாம் கெட்டிருக்கும்.

"நாளைக்கு ஒங்க ஆட்சேபணையை எழுத்துல குடுங்க. மாவட்டச் சங்கத்துக்கு நானே கொண்டு போயிக் குடுக்கேன். நீங்க ஆட்சேபணை பண்ணீங்கன்னு இந்தக் கூட்டத்துக்கு நீங்களே சொல்லுங்க. நான் ஒண்ணும் பேசலை."

அவர் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். நடு மைதானத்துக்கு நடந்து போய் வலது கையை உயர்த்தினார். தீர்ப்பு வாசிக்கிற குரலில் சொன்னார்: "எல்லாரும் கேளுங்க! என் ஆட்சேபணை பதிவாகியிருக்கு. அதுக்கு உட்பட்டு ஆட்டம் தொடர்ந்து நடக்க நான் அனுமதிக்கேன்!"

ஊரே கைதட்டியது. அனுமதி அவர் கொடுத்தாராம். கொடுத்துவிட்டுப் போகட்டும். கயிற்றைத் தாண்டி வந்தவர்கள் தாங்களே திரும்பிப் போனார்கள், ஒருவர் அந்த நாற்காலியையும் எடுத்து அடுக்கிவிட்டு. சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார்.

கோதை எழுந்தாள். தலைவியின் கைப்பட்டையைக் கழற்றிக் கோல்கீப்பரின் கையில் மாட்டிவிட்டாள். போகிற வழியில் ஜெசிந்தாவைத் தாண்டும்போது நின்று, "அக்கா, மன்னிச்சிருங்க, அது கோலுதான்" என்றாள். ஜெசிந்தா அவள் தலையில் லேசாகத் தட்டி, "போடி, நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்" என்றாள். கோதை வெளியே நடந்தாள். அப்பா பக்கம் திரும்பவே இல்லை.

ஜெசிந்தா பெனால்டியைக் கீழ் மூலையில் அடித்தாள். கோல். ஸ்ரீவில்லிபுத்தூர் பிள்ளைகள் ஒரு ஆள் குறைவாக இருந்தும் கடைசிவரை முட்டிப் பார்த்தார்கள். ராஜபாளையம் ஜெயித்தது. வேன்கள் அந்தச் சந்து வழியாகத்தான் போயின. உள்ளூர்க்காரர்கள் வழிவிட்டதோடு கொஞ்சம் கிண்டலும் செய்து அனுப்பினார்கள்.

ஆட்சேபணை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வரவே இல்லை. கொஞ்ச நாளில் தள்ளிவைப்பும் நீங்கிவிட்டது. கோதை அடுத்த வார ஆட்டத்தை வெளியே உட்கார்ந்துதான் பார்த்தாள். தேர்வு செய்ய வந்தவர்கள் வேறு பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்கு அன்று மனசு கனத்தது, சரியான முடிவுதான் என்றாலும். மறு வருஷம் அவளை எடுத்தார்கள். முகாமுக்குப் போய்வந்தாள், மாநில அணிக்குள் இடம் கிடைக்கவில்லை. இப்போது மதுரையில் சட்டம் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகிறாள்.

அப்பாவோ மகளோ என் மேல் கோபப்பட்டிருக்கலாம். இரண்டு பேரும் படவில்லை. அதற்கான காரணத்தை அன்று சாயங்காலமே என் காதால் கேட்டேன்.

பரிசளிப்பு முடிந்து சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். மைதானத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல். எட்டிப் பார்த்தால், மோட்டார் சைக்கிளில் கோதை சாய்ந்து நிற்கிறாள். வக்கீல் அவளுடைய பூட்ஸ் இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு, குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல நிற்கிறார்.

"ஒலக அமைப்பு, தேசிய அமைப்புன்னு அம்புட்டுப் பேசுனீங்களேப்பா" என்றாள் கோதை. "கையில பட்டுச்சாம்மான்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

வக்கீல் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"கேட்டா நீ உண்மையச் சொல்லிருவியேம்மா. அதான் கேக்கலை."